கோவிந்தன் பேச வேண்டிய இடம்

பதினான்காம் பக்கத்தில் மூன்று வரி காலியாக இருக்கிறது. கிழிசலோ கரையான் அரிப்போ இல்லை. தட்டச்சு செய்தவரே விட்ட இடம். எஜமானர் "குடை எங்கேடா?" என்று கேட்கிறார். அடுத்த வரியில் 'கோவிந்தன்' என்று பெயர், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்கள்: மெட்ராஸில் பேசவும். பிறகு வெற்றுத்தாள். அதற்குக் கீழே எஜமானர் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார். எதற்குச் சிரித்தார் என்பதுதான் என்னை ஐந்து மாதம் தாம்பரத்துக்கும் தரமணிக்கும் அலையவிட்டது.

குரோம்பேட்டை ராதா நகரில் ஒரு பழைய தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டவிருந்தார்கள். பரணில் அப்பாவின் தகரப் பெட்டி இருக்கிறது, உள்ளே ஏதோ நாடகக் காகிதம், எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை வந்து பார்க்கிறீர்களா என்று அந்த வீட்டு மகள் போனில் கேட்டார். போனேன். சபா ரசீதுகள், பிசின் காய்ந்த ஒட்டுமீசை ஒன்று, நூலால் கோத்த கார்பன் பிரதி ஒன்று. 62 பக்கம். தலைப்புப் பக்கம் இல்லை, தேதி இல்லை. ஓர் அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் சேர்ந்து, மாலையில் ஒத்திகை பார்த்து, சனி ஞாயிறுகளில் சபாக்களில் போட்ட நகைச்சுவை நாடகம்.

காலத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மூன்றாம் காட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசியைப் பற்றி ஒரு கிண்டல் வருகிறது. அது 1967 தேர்தலுக்குப் பிந்தைய பேச்சு. மாப்பிள்ளை எழும்பூரில் இறங்கிக் கை ரிக்‌ஷாவில் வருகிறார். கை ரிக்‌ஷாவை 1973-ல் ஒழித்துவிட்டார்கள். ஒரு தந்தியில் மாநிலத்தின் பெயர் இன்னும் 'மெட்ராஸ்'தான். 1969 ஜனவரியில் 'தமிழ்நாடு' ஆகிவிட்டது என்றாலும், பழக்கதோஷத்தை நம்பி எதையும் முடிவுகட்ட முடியாது. ஆக, 1967-க்கும் 1973-க்கும் நடுவில்.

என்னை உறுத்தியது வேறு. மற்ற எல்லோருடைய பேச்சையும் தட்டச்சுக்காரர் காதால் கேட்டபடியே தட்டச்சு செய்திருக்கிறார். மாமி 'ஆத்துல' என்கிறாள், 'ஜலம்' கேட்கிறாள். கோயம்புத்தூர் மாப்பிள்ளைக்கு 'ஏனுங்க' தவறவில்லை. தமிழாசிரியர் ஒருவர் வந்து செந்தமிழில் கோபப்படுகிறார். கோவிந்தனுக்கு மட்டும் 11 இடங்களில் வெற்றிடம். மேடையில் இருக்கிறான், சிரிக்க வைக்கிறான், தாளில் இல்லை.

'கொண்டு' என்று ஒரு துணைவினை தமிழில் இருக்கிறது. எழுத்தில் 'சொல்லிக்கொண்டு'. மயிலாப்பூர் அக்ரகாரத்தில் அது 'சொல்லிண்டு'. மதுரை, தஞ்சைப் பக்கம் 'சொல்லிக்கிட்டு'. சைதாப்பேட்டையிலும் பல்லாவரத்திலும் 'சொல்லிக்கினு'. ஒருவர் வாயைத் திறந்து இந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். ஊர், சாதி, வீட்டு வாடகை வரைக்கும் ஊகித்துவிடுகிற காதுகள் நம் ஊரில் உண்டு. திருடன் விட்டுப்போன கைரேகை மாதிரி இது. ஓர் ஒப்புதலும் உண்டு. என் அப்பா பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் 'கினு'தான். கல்லூரி முதல் வருடம் வகுப்பில் நான் 'எழுதிக்கினு இருக்கேன்' என்றபோது எழுந்த சிரிப்புக்குப் பிறகு அதை விட்டேன். இன்றைக்கு நான் பேசுவது எந்த ஊர்த் தமிழ் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

வேலையை எங்கே தொடங்குவது? நாடகமும் தாம்பரமும் என்றதும் ஒரு நண்பர், "பரிதிமாற் கலைஞர் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்தானே, அங்கே போய்ப் பாரும்" என்றார். போயிருந்தால் நேரம்தான் வீணாகியிருக்கும். வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் அந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்ததும், 'நாடகவியல்' என்று நாடகத்துக்கே இலக்கணம் எழுதியதும் உண்மை. ஆனால் அவர் காலத்தில் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 33 வயதில், 1903-ல் இறந்துவிட்டார். கல்லூரி தாம்பரத்துக் காட்டுக்கு வந்தது 1937-ல்.

அடுத்து தரமணி. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், கோட்டையூர்ச் செட்டியார் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களோடு, நாடக, சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டப் புரட்ட ஒன்று தெளிவாயிற்று. ராஜபார்ட் பாட்டு அச்சில் இருக்கிறது, ஸ்திரீபார்ட் பாட்டு இருக்கிறது. பபூன் வந்து கால்மணி நேரம் பேசியது இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகங்களில் இன்றைக்கும் பபூனுக்கு எழுதிய வசனம் கிடையாது. அந்த ஊரில் அன்று மாலை என்ன நடந்ததோ அதை வைத்துப் பேசுவார். அப்படியென்றால் கோவிந்தனின் வெற்றிடம் ஒரு குமாஸ்தாவின் சோம்பல் இல்லை, பழைய வழக்கம்.

வழக்கம் எவ்வளவு பழையது? சமஸ்கிருத நாடகத்தில் அரசனும் அந்தணனும் சமஸ்கிருதம் பேசுவார்கள். பெரும்பாலும் பெண்களும் ஏவலர்களும் பிராகிருதம். 'மண்ணியல் சிறுதேர்' என்று பண்டிதமணி தமிழில் தந்த மிருச்சகடிகத்தில் அரசனின் மைத்துனன் ஒருவன் வருகிறான். 'ஸ' வரவேண்டிய இடத்திலெல்லாம் அவன் வாயில் 'ச'கரம் வருவதால் அவன் பெயரே சகாரன். உச்சரிப்பையே பெயராக வைத்துவிட்டார்கள். ஆனால் அவன் பேச்சை எழுதியும் வைத்தார்கள். லண்டனில் பெர்னார்ட் ஷா பூக்காரி எலைசாவை வைத்து 'பிக்மேலியன்' எழுதியபோது, அவள் உச்சரிப்பை முதல் அங்கத்தில் சில வரி எழுத்துக்கூட்டிப் பார்த்தார். லண்டனுக்கு வெளியே ஒருவருக்கும் புரியாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கைவிட்டார். அதன் பிறகு பொறுப்பு நடிகையின் வாயில். 1914-ல் லண்டன் மேடை ஏறிய அந்த நாடகத்திலும் ஓர் எழுத்தாளர் விட்டுக்கொடுத்த இடம் இருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

தமிழில் எழுதிப் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. சைதாப்பேட்டைக்காரர் ஒருவரே முன்னோடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசி விசுவநாத முதலியார் எழுதிய 'டம்பாச்சாரி விலாசம்', தாசி வீட்டில் சொத்தைத் தொலைத்த ஒரு மைனரின் கதை. தமிழின் முதல் சமூக நாடகம் என்று பலர் சொல்வது அதைத்தான். அதில் பட்டணத்துப் பேச்சுத்தமிழ் கூச்சமில்லாமல் புழங்குகிறது.

பிறகு பம்மல். பல்லாவரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற, 2021-லிருந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட அந்த ஊரின் பெயரைத்தான் தமிழ் நாடகத் தந்தை தன் பெயருக்கு முன்னால் சுமந்தார். பம்மல் சம்பந்த முதலியார் பிறந்து வளர்ந்தது சென்னைப் பட்டணத்தில். சிறுவயதில் தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம். அதைத் தன் 'நாடக மேடை நினைவுக'ளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பல்லாரியிலிருந்து வந்த ஒரு தெலுங்குக் குழுவின் நாடகத்தைப் பார்த்த பிறகு மனம் மாறி, 1891 ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது வயது 18. 'கூத்தாடி' என்ற வசைக்கு நடுவில் வக்கீல்களும் படித்தவர்களும் அரிதாரம் பூசினார்கள். சத்தியமூர்த்தி நடித்தது இந்தச் சபையில்தான். சம்பந்தனார் பின்னாளில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார்.

அவருடைய 'சபாபதி'யில் எஜமானன் பெயர் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் படமாக்கியபோது டி.ஆர். ராமச்சந்திரன் எஜமானன், காளி என். ரத்தினம் வேலைக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர், இரண்டு பேரும் மக்கு. அப்படியிருக்க, திரையைப் பார்க்காமல் கேட்கிறவன்கூட யார் முதலாளி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறான்? பேச்சை வைத்துத்தான். வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடி செய்து காரியத்தைக் கெடுப்பான். கோவிந்தன் அவன் வம்சம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

காளி என். ரத்தினம் வந்த பாதையை யோசித்தால் ஒரு வேடிக்கை. அவர் வந்த பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர் நாடகக் குழுக்களில், சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சோற்றுக்கு வழியில்லாத வீட்டுக் குழந்தைகள். ஏழெட்டு வயதில் எம்.ஜி.ஆர், சிவாஜி கணேசன் போன்றவர்கள் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி ஆள் வரைக்கும் கேட்க, ழகர ளகரம் பிசகாமல், ராஜா வசனம் அடித்துத் திருத்தி மனப்பாடம் செய்விக்கப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை மேடையில் சக்கரவர்த்தி. சபா நாடகத்தில் இதற்கு நேர் எதிர்: பகலில் கோப்புகளில் ஆங்கிலத்தில் குறிப்பெழுதிய பட்டதாரி, மாலையில் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு வேலைக்காரன்.

மெட்ராஸ் பேச்சுக்குப் பேர் வாங்கியவர்களின் ஊர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 'சபாஷ் மீனா'வில் (1958) ரிக்‌ஷாக்காரராக வந்த ஜே.பி. சந்திரபாபு தூத்துக்குடிக்காரர், பால்யம் கொழும்பில். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் அந்தப் பாஷையிலேயே ஒரு பாட்டுப் பாடிய மனோரமா பிறந்தது மன்னார்குடி. 'பள்ளத்தூர் பாப்பா' என்றுதான் மேடையில் அறிமுகம். யு.ஏ.ஏ. குழுவின் 'பெற்றால்தான் பிள்ளையா' நாடகத்தில் மெக்கானிக்காகப் பேசி, அது 1963-ல் 'பார் மகளே பார்' ஆனபோது அதே வேடத்தோடு சினிமாவுக்குள் நுழைந்த சோ, சட்டம் படித்த வக்கீல். தேங்காய் சீனிவாசனுக்கு அந்த அடைமொழியே 'கல் மனம்' நாடகத்துத் தேங்காய் வியாபாரி வேடத்தால் ஒட்டிக்கொண்டது. நல்ல கலைஞர்கள், அதில் பேச்சில்லை. ஆனால் மூன்று தலைமுறையாக இந்தத் தமிழை வீட்டில் பேசுகிற ஒரு பெயரை அந்தத் தாளில் எழுத எனக்கு வாய்க்கவில்லை.

இதே வரிசையில் 2002-ல் மௌலி இயக்கி, கிரேஸி மோகன் வசனம் எழுதிய படம் ஒன்று வந்தது. இரண்டு பேருமே சபா மேடையில் வளர்ந்தவர்கள். கதாநாயகன் சண்டைக் கலைஞன், சென்னைத் தமிழ் பேசுகிறவன். படத்தின் பெயர் 'பம்மல் கே. சம்பந்தம்'. சிறு வழக்கு நீதிபதி இருந்து பார்த்திருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பாரோ.

கடைசியாக ஒரு துப்பு மிச்சமிருந்தது: போலீஸ். 1876-ல் ஆங்கிலேய அரசு நாடகத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல் சென்னை மாநிலம் தனியாக ஒன்று கொண்டுவந்தது, எம்.ஆர். ராதாவின் மேடைதான் அதற்கு உடனடிக் காரணம் என்பார்கள். அன்றைய செய்தித்தாளை வைத்து அன்றிரவே வசனத்தை மாற்றுகிற மனிதர் அவர். நாடகம் போட வேண்டுமானால் கையெழுத்துப் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றது நடைமுறை. பரீக்‌ஷா ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் நீதிபதி சந்துரு அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளும்வரைக்கும் அது தொடர்ந்தது. அப்படியானால் கோவிந்தனின் நாடகத்துக்கும் ஒரு பிரதி போயிருக்க வேண்டுமே? வெற்றிடம் விட்ட தாளை எந்த அதிகாரி வாங்கியிருப்பார்?

பதில் மாடம்பாக்கத்தில் கிடைத்தது. பிரதியின் கடைசித் தாளின் முதுகில் பென்சிலால் ஒரு டீக்கணக்கு. ஒன்பது பேரின் பெயரெழுத்துகள், கோவிந்தன் எதிரே இரண்டு டீ. குரோம்பேட்டை மகள் ஒவ்வோர் எழுத்தாக யோசித்து ஆள் சொன்னார். எட்டுப் பேர் போய்விட்டார்கள். இரண்டு டீ குடித்தவர் மட்டும் இருக்கிறார். வயது 84.

"வாங்கோ சார், காபி சாப்பிடறேளா?" என்றார். கார்பன் பிரதியை மடியில் வைத்து, பதினான்காம் பக்கத்தை விரலால் தடவினார். போலீஸ் பிரதியைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"அது வேற காப்பி சார். அதுல கோவிந்தன் சுத்தமாப் பேசுவான். 'அப்படியே செய்கிறேன் எஜமான்'. பதினோரு எடத்துலயும் அதேதான். எங்க டைப்பிஸ்ட் குசும்புக்காரர்."

அரசாங்கத்தின் கோப்பு எங்கேயாவது கரையானுக்குத் தப்பியிருந்தால், அதில் கோவிந்தன் இலக்கணசுத்தமாகப் பணிந்துகொண்டிருப்பான். வருங்கால ஆய்வாளன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, 1960-களில் தாம்பரம் பக்கத்து வேலைக்காரர்கள் செந்தமிழ் பேசினார்கள் என்று கட்டுரை எழுதவும் கூடும்.

"நீங்க எங்க சார் கத்துண்டேள் அந்தப் பாஷைய?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் 'கத்துண்டேள்' என்று என் வாயில் வந்தது உறைத்தது. எதிரில் இருப்பவரின் 'கொண்டு' என்மேல் ஒட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு ரிக்‌ஷாக்காரர் இருந்தாராம். இவர் சாயந்திரம் மின்சார ரயிலைப் பிடிக்கிற முன்னால் அரைமணி நேரம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச வைப்பாராம். ஒரு மாதம். கை எப்படிப் போகிறது, மூச்சை எங்கே விடுகிறார், கோபம் வந்தால் எந்த எழுத்து நீள்கிறது, எல்லாம் நோட்டில் குறித்தாராம். அந்த நோட்டு இப்போது இல்லை.

"மொத ஷோ நங்கநல்லூர்ல. அவன் பேசறாப்லயே பேசினேன் சார், பிசகாம. ஒத்தர் சிரிக்கல. யாரோ ஒரு மனுஷன் பேசற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்." காபியை ஆற்றினார். "ரெண்டாவது ஷோவுக்கு சந்திரபாபு, சோ ரெண்டு பேரையும் மனசுல வெச்சுண்டு இழுத்தேன். கைதட்டல்ல கூரை போயிடுத்து."

"ரிக்‌ஷாக்காரர் வந்து பார்த்தாரா?"

"கூப்பிட்டேன். வந்தான். பின்னாடி நின்னு பாத்துட்டு, 'நல்லா கீது சார், யாரப் பாத்து செஞ்ச?'ன்னு கேட்டான்."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. தெருவில் குப்பை வண்டி பாட்டோடு போயிற்று.

பிறகு குடை விஷயத்துக்கு வந்தோம். அவருக்கு 11 இடமும் நினைவில் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் எஜமானர், நனைந்த குடையை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று திட்டுகிறார். நான் அதைக் கவனிக்காமல் ஐந்து மாதம் பதினான்கையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பதினான்கில் வெளியே மழை. குடை எங்கேடா என்று கேட்டால், நனைந்ததை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அதனால் வாசலிலேயே நனைந்துகொண்டிருக்கிறது என்பது கோவிந்தனின் பதில். சபாபதி வம்சமேதான்.

"நீங்க ஒரு தடவ சொல்லுங்கோ, பாப்போம்" என்றார். என் அப்பாவைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

முப்பது வருடத்துக்குப் பிறகு வாயில் அது வருமா என்று பயமாகத்தான் இருந்தது. வந்தது.

"நீங்கதான சொன்னீங்கோ, நனஞ்ச கொடைய உள்ள இட்டாராதன்னு. அத்தான் வெளியவே நனஞ்சிகினு கீது."

அப்பா முதலாளியிடம் எப்படிப் பேசுவாரோ அப்படி, இழுக்காமல், கொஞ்சம் தாழ்ந்த குரலில். அவர் முதலாளியை 'நீ' என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பெரியவர் தலையை ஆட்டினார். திருப்தியில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

"'கினு' பரவாயில்ல சார். ஆனா 'நீங்க' வேண்டாம். 'நீ தான்பா சொன்ன'ன்னு, அந்த 'நீ'ய நல்லா இழுத்து விடணும். அப்பத்தான் கடைசி வரிசை வரைக்கும் சிரிப்பு போய்ச் சேரும். எங்க, இன்னொரு தடவ சொல்லுங்கோ."